பதினைந்து லிட்டர்

நோயாளியோடு வருகிற சொந்தக்காரர்களுக்கென்று தனியாக ஒரு வியாதி உண்டு. அடுத்த கட்டிலைப் பார்ப்பது. அங்கே இரண்டு பாட்டில் தொங்கினால் இங்கே ஏன் ஒன்று, அங்கே சிவப்பு மாத்திரை கொடுத்தால் இங்கே ஏன் வெள்ளை. இதற்கு மருந்து கிடையாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியதும் கிடையாது. ஆனால் அன்றைக்கு நெஞ்சு வார்டில் ஒரு மனிதரைச் சாவின் வாசல்வரை இழுத்துக்கொண்டு போனது இந்த வியாதிதான்.

குச்சி என்றால் நர்சிங் விடுதியில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் வருஷம் படிக்கிறாள். ஆள் அவ்வளவு ஒல்லி. வெள்ளைக் கோட்டை உடம்பில் போட்டிருக்கிறாளா, ஆணியில் மாட்டியிருக்கிறாளா என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். படிப்பில் மட்டும் கில்லாடி. வயிறும் நுரையீரலும் கெட்டுப்போனால் உடம்புக்குள் என்னென்ன நடக்கும் என்கிற தாளில் வகுப்பிலேயே முதல் மார்க். கட்டிலோரம் பாடம் நடத்தும் டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் இவள் பதிலை முடித்திருப்பாள். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. உழைத்துப் படித்தவள், இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று மத்தியானம் பாலத்தில் ஒரு பஸ் கவிழ்ந்து, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் முழுக்க ரத்தமும் அலறலுமாகக் கிடந்தது. மேலே நெஞ்சு வார்டில் குச்சியோடு இருந்த டாக்டரும் வார்டு சிஸ்டரும் கீழே ஓட வேண்டியதாயிற்று. "அரை மணி நேரம் பார்த்துக்கோம்மா. ஏழாம் கட்டில் ஆக்ஸிஜனை மட்டும் தொடாதே. யாரையும் தொட விடாதே" என்று சிஸ்டர் படியிறங்கிக்கொண்டே சொன்னாள். பன்னிரண்டு நோயாளிகளையும் ஒரு ஆயாம்மாவையும் இருபது வயதுப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டுப் போவது சட்டப்படி தப்பு. சட்டம் எழுதியவர்கள் யாரும் அன்று கீழ்த்தளத்தில் கிடக்கவில்லை.

ஏழாம் கட்டில் பெரியவர் நாற்பது வருஷம் வார்ப்பட்டறையில் உலைக்கு முன்னால் நின்றவர். உலைப் புகை இல்லாத நேரத்தில் சிகரெட் புகை. அவருடைய நுரையீரலுக்குள் போகிற காற்று லேசில் வெளியே வராது. பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். வெளியேற வேண்டிய கரியமில வாயு ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். இப்படிப்பட்டவருக்கு ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், காற்றே எட்டாத மூலைகளுக்கெல்லாம் ரத்தம் வீணாக ஓடும், மூச்சு மந்தப்படும், கரியமில வாயு இன்னும் ஏறி மூளையை மயக்கும். மயங்கிய மூளைக்கு மூச்சுவிடுவதே மறந்துபோகும். அதனால்தான் மூக்கில் மெல்லிய குழாய் வைத்து நிமிஷத்துக்கு இரண்டே லிட்டர் கொடுத்திருந்தார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள் நின்றால் போதும் என்று தலைமாட்டில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தது.

பக்கத்து ஆறாம் கட்டில் வாலிபனுக்கு நிமோனியா. அவனுக்கு மூக்கையும் வாயையும் மூடும் பை வைத்த மாஸ்க், பத்து லிட்டர். இரண்டு கட்டிலுக்கும் மேலே சுவரில் ஆளுக்கொரு கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு சின்னப் பந்து மிதக்கும். எத்தனை லிட்டரோ அத்தனை உயரம். ஆறாம் கட்டிலில் பந்து மேலே நின்றது. ஏழாம் கட்டிலில் அடியில் கிடந்தது.

பெரியவரின் மகன் வந்ததும் முதலில் பார்த்தது அந்த இரண்டு பந்துகளைத்தான்.

அவன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அப்பா முன்னால் குனிந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு மூச்சு.

"ஏம்மா, அவனுக்கு அவ்வளவு உசரம், எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கீழே?"

"அண்ணா, அவருக்கு வேற நோய், தாத்தாவுக்கு வேற நோய். இவருக்கு அளவுக்கு மேல குடுத்தா ஆபத்து."

"காத்து குடுத்தா ஆபத்தா? யார்கிட்ட கதை விடுற? மனுசன் மூச்சு கிடைக்காம சாகுறாரு, நீ அளந்து ஊத்துறியா?"

குச்சி சிவப்பு எழுத்தைக் காட்டினாள். அவன் அதைப் பிய்த்துக் கசக்கி எறிந்தான். அப்புறம் அவனே சுவரில் இருந்த திருகைப் பிடித்துத் திருப்பினான். தெரியாதவன் கை, மூடுகிற பக்கம் திரும்பியது. பந்து விழுந்தது. பெரியவர் வாயைப் பிளந்தார், உதடு நீலம் பாய்ந்தது. குச்சி பாய்ந்து வந்து பந்தை மறுபடி இரண்டில் நிறுத்தினாள்.

அதில்தான் அவனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மறுபடி தானே திருக அவனுக்குப் பயம், இவளோ திறக்கத் தெரிந்தும் திறக்க மாட்டேன் என்கிறாள். மருந்துத் தள்ளுவண்டியை ஓர் உதை விட்டான். ஊசியும் பாட்டிலும் தரையெங்கும் சிதறின. "ஐயோ, யாராவது வாங்களேன்" என்று ஓடிவந்த ஆயாம்மாவைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். அவள் கட்டில் கம்பியில் மோதி, நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் வழிய, தவழ்ந்து வெளியே போனாள். அவள் காவலாளிகளைத்தான் தேடிப் போனாள். காவலாளிகள் எல்லோரும் கீழே ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"திற."

"மாட்டேன்ணா. செத்துருவாரு."

அவன் விட்ட முதல் அறையில் காது அடைத்துப்போயிற்று. இரண்டாவதில் உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. அவன் அவள் பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டு தலையைச் சுவரில் மோதினான். ஒரு முறை, இன்னொரு முறை. கண்ணில் பூச்சி பறந்தது. வார்டில் இருந்த அத்தனை பேரும் மூச்சுக்குத் திணறுகிறவர்கள், ஒருவராலும் எழுந்து வர முடியவில்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் அவரவர் கட்டிலுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார்கள். அதில் ஒரு புண்ணியவதி, "கேட்டதைத் திறந்துவிட்டுத் தொலையேன்டி, இப்படி அடி வாங்கணுமா?" என்று அறிவுரை வேறு சொன்னாள்.

அவன் பாட்டில் தொங்கவிடும் இரும்புக் கம்பத்தைத் தூக்கினான். அடியில் இருந்த கனத்த கால் அவள் முகத்துக்கு நேராக வந்தது.

"கடைசியாச் சொல்றேன். மண்டையைப் பொளந்துருவேன்."

குச்சி திறந்தாள்.

அவளுக்குப் பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. தாளில் முதல் மார்க் வாங்கிய அதே கை மூக்குக் குழாயை எடுத்தது, அலமாரியிலிருந்து பை வைத்த மாஸ்க்கைப் பிரித்தது, பெரியவர் முகத்தில் மாட்டியது, திருகைச் சரியான பக்கம் திருப்பியது. பந்து பத்தைத் தாண்டிப் பதினைந்தில் போய் நின்றது. அடுத்த கட்டிலைவிட உயரம். அப்போதுதான் அவன் கம்பத்தைக் கீழே இறக்கினான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. எல்லாமே அவன் எதிர்பார்த்தபடி நடந்தது. அவன் திருகை மூடியதில் மானிட்டரில் எண்பத்தாறுக்கு விழுந்திருந்தது தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றொன்பது என்று ஏறியது. உதட்டின் நீலம் மறைந்தது. பெரியவரின் தோள் இறங்கியது. மேசையில் ஊன்றிய கை தளர்ந்தது. அவன் அவரைத் தலையணையில் சாய்த்துப் படுக்க வைத்தான். இரண்டு நாளாகப் படுக்க முடியாத மனிதர் படுத்தார், கண்ணை மூடினார்.

"தொண்ணூத்தொம்போது! பாருங்கய்யா எல்லாரும், நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது!" என்று அவன் வார்டுக்கே காட்டினான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கி அழுதது. ஆறாம் கட்டில்காரனின் அம்மா கைகூப்பினாள். அறிவுரைக்காரி, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.

அழுது முடித்ததும் அவன் குச்சிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குரலில் உண்மையான கனிவு இருந்தது.

"முதல்லயே செஞ்சிருந்தா அடி வாங்கியிருக்க மாட்டல்ல? உன் வயசுல எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா." பிறகு அப்பாவைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பத்தை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டான். "எப்படித் தூங்குறாரு பாரு. வீட்ல இவரு தூங்கும்போது யாரும் கிட்ட போக முடியாது. கால் தெரியாம பட்டாக்கூட, கண்ணைத் திறக்காமலே ஒண்ணு விடுவாரு. என் முன்பல்லு அப்படிப் போனதுதான். இடுப்பு பெல்ட்டு, உலைக் கரண்டி, கையில என்ன கிடைக்குதோ அதால அடிப்பாரு. ஆனா சோறு போட்டது அவர்தானே?"

குச்சி தண்ணீரைக் குடிக்கவில்லை. அவள் பெரியவரின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் நிமிஷம் இருபத்திரண்டு. கொஞ்ச நேரம் கழித்துப் பதினைந்து. அப்புறம் பத்து. அவர் முகம் சிவந்து வேர்த்தது. எட்டிக் கையைத் தொட்டாள், காய்ச்சல்காரன் கைபோலச் சூடு, நாடி துள்ளியது. புத்தகத்தில் எந்த வரிசையில் எழுதியிருந்ததோ அதே வரிசையில் வந்தது. மானிட்டர் மட்டும் தொண்ணூற்றொன்பது என்று சிரித்துக்கொண்டிருந்தது. அது ஆக்ஸிஜனைத்தான் பார்க்கும், கரியமில வாயுவைப் பார்க்காது.

"அண்ணா, அவர் தூங்கல. மயக்கம். விடுங்க, நான் குறைக்கணும்."

அவள் கை திருகுக்குப் போனது. அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் முறுக்கினான். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. அவள் அலறினாள். அவ்வளவு பக்கத்தில் அலறியும் பெரியவரின் இமைகூட அசையவில்லை. அதைக் குச்சிதான் கவனித்தாள், அவன் கவனிக்கவில்லை.

"தூங்குறாருன்னா எழுப்பிப் பாருங்க" என்றாள், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரெண்டு நாளாத் தூங்காத மனுசனை எழுப்பச் சொல்றியா?"

"ஒரே ஒரு தடவை எழுப்புங்க. எழுந்தாருன்னா அந்தக் கம்பத்தால என்னை அடிங்க, நான் கத்தக்கூட மாட்டேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அப்பா பக்கம் குனிந்தான். "அப்பா" என்றான். தோளைத் தொட்டான், தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டான். பழக்கம். வர வேண்டிய அடி வரவில்லை. மறுபடி தொட்டான், உலுக்கினான். "அப்பா, நான்தான்பா." தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாஸ்க்குக்குள் குறட்டை ஒன்று நீளமாக வந்து நின்றது. அடுத்தது வரவில்லை. எவ்வளவோ நேரம் கழித்துத்தான் வந்தது.

அவன் அப்பாவின் கன்னத்தில் தட்டினான். பிறகு அறைந்தான். பிறகு இன்னும் பலமாக அறைந்தான். "எழுந்திரு! அடி என்னை! எழுந்து அடிடா!" வாழ்க்கையில் முதல் முறையாக அப்பாவை 'டா' போட்டுவிட்டான். இடதும் வலதுமாக அறை விழுந்துகொண்டே இருந்தது. பெரியவரின் மூக்கிலிருந்து ரத்தம் மாஸ்க்குக்குள் வழிந்தது. எழுப்புவதற்கு அடிக்கிறானா, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அடிக்கிறானா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

"போதும்! அடிச்சா எழ மாட்டாரு. நான் சொல்றதைச் செய்யுங்க!"

குச்சியின் குரல் அவளுக்கே புதுசாக இருந்தது. அவன் நின்றான்.

அவள் மாஸ்க்கைக் கழற்றினாள், கோட்டு நுனியால் ரத்தத்தைத் துடைத்தாள், கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பையை எடுத்தாள், பந்தை இரண்டுக்கு இறக்கிக் குழாயை அந்தப் பையில் செருகினாள். நெஞ்சு இப்போது நிமிஷத்துக்கு ஐந்து முறைதான் அசைந்தது. ஆனால் பெரியவருக்குப் பல் இல்லை, கன்னம் ஒட்டியிருந்தது. அந்தப் பையின் முனையில் இருந்த மாஸ்க்கை ஒரு கையால் பிடித்தால் ஓரமெல்லாம் காற்று ஓடியது. அவன் முறுக்கிய கையில் பலமும் இல்லை.

"இங்க வாங்க. தலைமாட்டுல நில்லுங்க. ரெண்டு கையாலயும் இந்த மாஸ்க்கை முகத்தோட அழுத்திப் பிடிங்க. தாடையை மேல தூக்குங்க. அப்படித்தான். என்ன ஆனாலும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தா காத்து நெஞ்சுக்குப் போகாது."

மூட்டை தூக்கும் கை, இரும்புபோலப் பிடித்தது. அவள் பையை அமுக்கினாள். நெஞ்சு எழும்பியது. மெதுவாக விட்டாள். அவசரப்பட்டு அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போகும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் குடித்த பால் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கும், அதோடு கதை முடிந்துவிடும். அமுக்கி, விட்டு, முழுசாக வெளியே வரக் காத்திருந்து, மறுபடி அமுக்கினாள். அவள் உதட்டு ரத்தம் பெரியவரின் சட்டையில் சொட்டியது.

நான்கு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ போயிருக்கும். காவலாளிகள் இரண்டு பேர் தடியோடு ஓடிவந்தார்கள். ஆயாம்மா வாசலில் நின்று, "அவன்தான், அந்தத் தடியன்தான்!" என்று கத்தினாள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது என்ன? வார்டு முழுக்கக் கண்ணாடி, ரத்தம், முகம் வீங்கிய பெண், ஒரு கிழவனின் முகத்தை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருக்கிற தடியன். கேள்வி கேட்கவே இல்லை.

முதல் அடி முதுகில் விழுந்தது. அவன் முனகினான், கையை எடுக்கவில்லை. இரண்டாவது கழுத்தடியில். முழங்கால் மடங்கி மறுபடி நிமிர்ந்தது, கை விலகவில்லை. குச்சியைப் பார்த்தான். நீ சொன்னால்தான் நிறுத்துவார்கள் என்று அந்தக் கண் கேட்டது.

குச்சி வாயைத் திறக்கவில்லை. பையை அமுக்க வேண்டியிருந்தது என்பது உண்மைதான். ஆனால் வாய் சும்மாதான் இருந்தது. அவளுக்கு அந்த அடி பிடித்திருந்தது. அவள் தலை சுவரில் மோதிய அதே சத்தத்தோடு விழுந்த ஒவ்வொரு அடியும் இனித்தது. விழட்டும், இன்னும் ஒன்று விழட்டும் என்று இருந்தாள்.

மூன்றாவது அடி முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் ஊளையிட்டான். இடது கை துவண்டு தொங்கியது. வலது கையாலும், மாஸ்க்மேல் தன் தாடையை அழுத்தியும், அழுதுகொண்டே பிடித்திருந்தான்.

"நிறுத்துங்க! அவரை விடுங்க! அவர் பிடிக்கலேன்னா தாத்தா செத்துருவாரு!"

கத்தியபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஒரு காவலாளி தடியைப் போட்டுவிட்டு, உடைந்த கையின் இடத்தில் தன் கையை வைத்தான். அவள் அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள். பின்னாலேயே டாக்டரும் சிஸ்டரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பெரியவர் இருமினார். உடம்பு விலுக்கென்று துள்ளியது. கண் திறந்தது. டாக்டர் மாஸ்க்கை விலக்கினார். பெரியவர் பழையபடி தோளைத் தூக்கித் தூக்கித் திணற ஆரம்பித்தார். அந்தத் திணறலைப் பார்த்து இந்த உலகத்தில் சந்தோஷப்பட்டவள் குச்சி ஒருத்தியாகத்தான் இருப்பாள். பெரியவரின் கண் மேலே போனது. தன் முகத்துக்கு நேராகத் தொங்கிய மகனின் முகத்தைப் பார்த்தது. மூக்கில் இருந்த ரத்தத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"இவன்... என்னைக் கொல்றான்" என்றார். மூச்சு வாங்கி மறுபடி சொன்னார். "முகத்தை அமுக்கி... கொல்லப் பார்த்தான்."

மகன் உடைந்த கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல அடிக்குத் தலை குனிந்தான். காவலாளி மறுபடி தடியை எடுத்தான்.

டாக்டர் கீழே கிடந்த பை வைத்த மாஸ்க்கைப் பார்த்தார், கசங்கிய சிவப்பு எழுத்தைப் பார்த்தார். முகம் இறுகியது. "யார் இவருக்கு இதை மாட்டினது? யார் திறந்தது?"

"அவன்தான் டாக்டர்" என்று வார்டே சொன்னது. கேட்டதைத் திறந்து தொலை என்றவள்தான் முதலில் சொன்னாள். சிஸ்டர் குச்சியின் முழங்கையை அழுத்தினாள். சும்மா இரு, உன் படிப்பு போய்விடும் என்று அந்த அழுத்தத்துக்கு அர்த்தம். சும்மா இருப்பது எவ்வளவு சுலபம் என்று குச்சிக்கு இப்போது நன்றாகத் தெரியும். மூன்று அடி நேரம் இருந்து பார்த்திருக்கிறாளே.

அவள் வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கினாள்.

"தாத்தா, உங்களைப் பிடிச்சுக் காப்பாத்தினது அவர்தான்" என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். "அடிச்சது அவர். மாஸ்க் மாட்டி, பதினஞ்சு லிட்டர் திறந்தது நான். என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் திறந்தேன்."